காவற் கமரா வாங்குமுன் அறியவேண்டியவை



பிடுங்கிய வெங்காயம் கொட்டிலிலும், நெல் மூட்டைகள் களஞ்சியத்திலும், நீரிறைக்கும் பம்பி கிணற்றடியிலும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று ஓரிரவிற் களவு போயின் ஒரு போகத்தின் உழைப்பே வீணாகிவிடும். ஆதலின் இக்காலத்திற் பலர் காவற் கமரா வாங்க விரும்புகின்றனர். ஆயின், கடையிற் படத்தின் தெளிவையும் விலையையும் மட்டுமே விசாரிக்கின்றனர். கமரா கண்ட காட்சி எவ்வழியாக உங்களிடம் வந்து சேரும் என்பதையே முதலில் விசாரித்தல் வேண்டும்.

முதலாவது வழி கம்பி இணைப்பு. வீட்டை அடுத்துள்ள களஞ்சியத்துக்கு இதுவே மிக உறுதியானது. 'பி.ஓ.ஈ.' எனப்படும் முறையில் ஒரே கேபிள் மின்சாரத்தையும் படத்தையும் கொண்டு செல்லும். எனினும் அக்கேபிள் 100 மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 328 அடிக்கு, மேற்படலாகாது. எலியும் அணிலும் கடியாவண்ணம் அதனைக் குழாயினுள் இடுக.

இரண்டாவது வழி வைஃபை. வீட்டிலுள்ள ரவுட்டரின் அலை எட்டுமிடத்திலேயே இக்கமரா பயன்படும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை, 5 கிகாஹேர்ட்ஸ் அலையைக் காட்டிலும் தூரம் செல்லும். விலை குறைந்த கமராக்களுட் பல 2.4 அலையை மட்டுமே ஏற்கும். தகரமும் தடித்த சுவரும் அலையைத் தடுக்கும். ஆகவே, கமரா பூட்டவிருக்கும் இடத்தில் நின்று, வீட்டு வைஃபை மூலம் கைத்தொலைபேசியில் ஒளிப்பட அழைப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். படம் அறுந்து அறுந்து வருமாயின் அவ்விடத்துக்கு இவ்வகை கமரா உதவாது.

மூன்றாவது வழி சிம் அட்டை. வீட்டுக்குத் தொலைவிலுள்ள வயலுக்கும் கிணற்றடிக்கும் இதுவே ஏற்றது. சூரியத் தகடும் மின்கலமும் உடையதாயின் மின்கம்பியும் வேண்டியதில்லை. பெட்டியில் '4ஜி' என்றும் சிம் அட்டை இடலாம் என்றும் குறித்திருத்தல் வேண்டும். வெறும் வைஃபை கமராவை வாங்கி வயலிற் பூட்டுவதாற் பயனில்லை. எந்த நிறுவனத்தின் அலை அங்கு நன்கு கிடைக்கிறதென அதன் சிம் அட்டையை உங்கள் தொலைபேசியிலிட்டு, பகலிலும் இரவிலும் சோதியுங்கள்.

செலவையும் கணக்கிடுங்கள். செக்கனுக்கு 1 மெகாபிற்று வீதம் இடைவிடாது படம் அனுப்பினால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10.8 ஜிகாபைற்று தரவு செலவாகும். 30 நாளில் அது 324 ஜிகாபைற்று ஆகும். ஆதலின், அசைவு கண்டபோது மாத்திரம் அனுப்பும்படி அமைத்தல் சிக்கனமானது.

நினைவக அட்டையில் மட்டும் பதியும் கமரா, களவு நடந்தபின் சான்று தருமேயன்றி உடனே எச்சரிக்காது. கள்வன் கமராவையே கொண்டுசென்றால் அச்சான்றும் போய்விடும். இணையமுள்ள கமராவுக்கும் அட்டை ஒன்று இடுதல் நன்று. இணைப்பு அறுந்த வேளையிலும் அது பதிந்துகொள்ளும். மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும் என்பதால் அதற்குச் சிறு மின்கலம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். இன்றேல் உங்கள் வளவைப் பிறரும் பார்க்க இடமுண்டு.

மண்ணைச் சோதித்தபின் பசளை இடுகிறோம். அவ்வாறே தூரத்தை அளந்து, அலையைச் சோதித்து, மின்சாரம் உண்டா என அறிந்து, இம்மூன்றையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். உங்கள் நிலத்துக்கேற்ற கமராவே உங்கள் விளைச்சலைக் காக்கும்.