அசையாத வெப்பமானி



தரமணியில் நான் பணியாற்றும் பள்ளியில், ஆண்டுதோறும் இரசாயன வகுப்பில் தவறாமல் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. முகவையில் பனிக்கட்டித் தூளும் சிறிது நீரும் இட்டு, சிறு சுடரின்மேல் வைத்துக் கலக்கிக்கொண்டே இருப்பேன். நிமிடத்திற்கொரு முறை மாணவர்கள் வெப்பமானியைப் பார்த்து அளவு குறிக்க வேண்டும்.

நான் மாணவனாயிருந்தபோது இச்சோதனையில் ஒரு பிழை செய்தேன். சுடர்மேல் வைத்த பொருள் சூடேறத்தானே வேண்டும் என்றெண்ணி, 0, 2, 4, 6 என்று வரிசையாக எழுதிவிட்டேன். பக்கத்திலிருந்த தோழன் எல்லா நிமிடத்திற்கும் 0 என்றே எழுதியிருந்தான். அவனைப் பார்த்து நகைத்தேன். ஆசிரியர் என் ஏட்டைப் பார்த்து, “தம்பி, வெப்பமானியைப் பார்த்தா எழுதினாய்?” என்று மட்டும் கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

கடைசித் துண்டு உருகும் வரை 0 டிகிரியே நிற்கும். அப்படியானால் சுடர் தந்த வெப்பம் எங்கே போயிற்று? கட்டியில் ஒழுங்காகப் பிணைந்துள்ள மூலக்கூறுகளை விடுவிப்பதில் அது செலவாகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். அதே நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கவும் அவ்வளவே போதும்! இதனை மறைவெப்பம் என்பர்.

சென்னைக் கடற்கரையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842-இல் அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அதுவே. அமெரிக்க நீர்நிலைகளில் வெட்டிய கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொணர்ந்தனர். மரத்தூள் வெப்பத்தைத் தடுத்தது. அதையும் மீறிப் புகுந்த வெப்பம், மறைவெப்பம் மிகுதியாதலால், மெதுவாகவே கட்டியை உருக்கிற்று.

இனி, பனிக்கட்டியும் நீரும் கலந்ததை வெப்பம் புகாத குடுவையில் மூடிவைப்பதாகக் கொள்வோம். கட்டி குறையாது; நீரும் பெருகாது. உள்ளே எல்லாம் ஓய்ந்துவிட்டதா? இல்லை. தரமணி ரயில் நிலையத்தில் வருவோரும் போவோரும் ஒரே அளவாயின், கூட்டம் மாறாது. ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பர். அதுபோலவே, கட்டியை விட்டு நீங்கும் மூலக்கூறுகள் எத்தனையோ, அத்தனை நீரிலிருந்து கட்டிக்குத் திரும்புகின்றன. இதுவே சமநிலை.

இன்றும் என் வகுப்பில் யாரேனும் ஒருவர் 2, 4, 6 என்று எழுதிவிடுவதுண்டு. நான் கடிந்துகொள்வதில்லை, மறுபடியும் பார்க்கச் சொல்கிறேன். நீங்களும் வெப்பமானி காட்டியதையே எழுதுங்கள். அது அசையாவிட்டால், ஏன் என்று கேளுங்கள்.