வரி கட்டுவது நாம். ஊரை ஆள்வது யார்?

(குடியிருப்பாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அரசியல்வாதி அல்லன். 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தாமானில் குடியிருப்பவன். ஆண்டுக்கு இருமுறை தவறாமல் மதிப்பீட்டு வரி கட்டுபவன். இந்தத் தகுதி உங்களுக்கும் இருக்கிறது. ஆகவே நான் பேசப்போவது உங்கள் கதையும்தான்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு லோங்காங் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது தேங்கிக் கிடக்கிறது. புகார் செய்தோம். எண் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று கைப்பேசியில் செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் அதே தண்ணீர், அதே கொசு! மீண்டும் புகார் செய்தோம். புதிய எண் கொடுத்தார்கள். பழைய எண்ணைப் பற்றிக் கேட்டால், அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டதாம்.

சாலைக்கு அந்தப் பக்கம் மலிவு விலை அடுக்குமாடி இருக்கிறது. கட்டியபோது வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தக்கூட இடம் விடவில்லை. அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தது ஊராட்சி மன்றம். இன்று அங்கே சாலையோரம் காரை நிறுத்துகிறவர்களுக்குச் சம்மன் ஒட்டுவதும் அதே மன்றம். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் தொழிலாளி காரை எங்கே கொண்டுபோய் வைப்பான்? தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவானா?

இதையெல்லாம் முகப்பில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம் கத்திப் பயனில்லை. அந்தப் பெண்ணும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். கேட்க வேண்டிய கேள்வி வேறு. முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலரை அங்கே உட்கார வைத்தது யார்? நீங்களா? நானா?

நாம் இல்லை. ஊராட்சி மன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மன்றத்துக்கும் 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல், மாநில அரசு உறுப்பினர்களை நியமிக்கிறது. 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. கோலாலம்பூரில் நிலைமை இதைவிட மோசம். அங்கே கவுன்சிலர்களே இல்லை. டத்தோ பண்டாரும் நியமனம்தான்.

"எப்போதும் இப்படித்தானே?" என்று இளைஞர்கள் கேட்கலாம். இல்லை, தம்பி! இந்த நாட்டில் முதன்முதலில் வாக்குப்பெட்டி வைத்தது நாடாளுமன்றத்துக்கு அல்ல, நகராண்மைக் கழகத்துக்கு. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்துத் தங்கள் நகர மன்றத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சுதந்திரத்துக்கு முன்பே, வெள்ளைக்காரன் காலத்திலேயே நமக்கு அந்த உரிமை இருந்தது. சுதந்திர நாட்டில் அதை இழந்தோம்.

தலைநகரில் 1961லேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் போய்விட்டது. மற்ற ஊர்களில் 1965 மார்ச்சில் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். இந்தோனேசியாவுடன் மோதல் நடக்கிறது, முடிந்ததும் தேர்தல் வரும் என்றார்கள். மோதல் 1966ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம்!

நம்மவர்கள் மறந்துவிட்ட ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1965ல் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். ஆணையம் 1968ல் அறிக்கையை முடித்தது, 1971ல் அது வெளிவந்தது. ஊராட்சி மன்றங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. அடுத்து வந்தது 1976 சட்டம்.

சரி, தேர்தல் இருந்தால் மட்டும் லோங்காங் ஓடிவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தேர்தல் மந்திரக்கோல் அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நியமிக்கப்பட்டவர் தன்னை நியமித்தவரின் முகத்தைப் பார்ப்பார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

"நமக்கென்று ஓர் இந்தியர் மன்றத்தில் இருக்கிறாரே" என்று ஆறுதல் அடைகிறோம். அவர்களில் நல்லவர்கள் உண்டு. 2008க்குப் பிறகு பினாங்கிலும் சிலாங்கூரிலும் சமூக இயக்கங்களிலிருந்து சிலர் நியமிக்கப்பட்டு உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நியமனக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. கட்சி ஒதுக்கீட்டில் வந்தவர் கட்சிக்கு எதிராகக் கை தூக்கினால் அடுத்த நியமனப் பட்டியலில் அவர் பெயர் இருக்குமா? ஆகவே அவர் தீபாவளிக்கு அன்பளிப்புக் கூடை கொடுப்பார், வெள்ளத்தில் அரிசி கொடுப்பார், படம் எடுத்துக்கொள்வார். நிலம் கைமாறும் கூட்டத்தில் மட்டும் அவர் குரல் கேட்காது.

நிலம் என்றதும் உங்களுக்குப் பல நினைவுகள் வரும். 2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள்களே இருக்கும்போது, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. 2014ல் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் பத்ரகாளியம்மன் கோயில் இருக்கும் நிலத்தை மாநகர் மன்றம் ஒரு துணி வியாபார நிறுவனத்துக்கு விற்றது. 2025 மார்ச்சில் கோயிலை இடம் மாற்றும் பேச்சு வந்தபோதுதான் நம்மில் பலருக்கு அந்த விற்பனையே தெரிய வந்தது. விற்பவர் நம் வாக்கைக் கேட்க வேண்டியவராக இருந்திருந்தால், இவ்வளவு சத்தமில்லாமல் விற்றிருப்பாரா?

புக்கிட் கியாரா கதை இன்னும் வேதனையானது. தோட்டம் போனபின், ஏறத்தாழ 100 முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து நீள்வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லி, பக்கத்திலிருந்த பொதுப் பூங்காவில் பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு 2017ல் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. பூங்காவைக் காக்க தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அனுமதி ரத்தானது.

தீர்ப்பு சரியே. பொது இடத்தை மக்களைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. ஆனால் நீள்வீட்டுக்காரர்களின் நிலை? வசதியுள்ள குடியிருப்பாளர்களும் ஏழைத் தோட்ட மக்களும் எதிரெதிராக நிறுத்தப்பட்டார்கள். இருவரையும் மோதவிட்ட முடிவை எடுத்தவர்கள் இருவரின் வாக்கையும் பெற்றவர்கள் அல்லர். பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும் என்று இரு தரப்பும் ஒன்றாகக் கேட்கும் மேடை அங்கே இல்லாமல் போனது.

இப்போது ஒரு பயத்தைப் பற்றிப் பேசுவோம். ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப் பிரச்சினை வரும் என்கிறார்கள். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீரும் இதைத்தான் சொன்னார். நம்மவர்களிலும் சிலர், "நாம் சிறுபான்மை, வாக்கெடுப்பு என்றால் இருப்பதும் போய்விடும்" என்று அஞ்சுகிறார்கள்.

வரலாற்றைப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் 1957ல் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரில், தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஓர் ஆசிரியர்! ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைக் கைப்பற்றி ஆண்டது. அங்கேயும் வாக்காளர்களில் சீனர்களே அதிகம். உழைத்தவருக்கு மக்கள் இனம் பார்க்காமல் வாக்களித்தார்கள். இன்றைய நியமன முறைதான் நம்மை "இந்தியர் ஒதுக்கீடு" என்ற சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறது.

பினாங்கு மாநிலம் 2012ல் ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. ஆகவே சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 15ஆம் பிரிவை அங்கேதான் நீக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? இருக்கக்கூடாது. நாளையே செய்யக்கூடியவை உண்டு.

ஒன்று, மன்றம் தனித் தீர்மானம் போட்டு மூடினாலொழிய, அதன் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. 23ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஐந்து பேர் போய் உட்காருங்கள். நம் கவுன்சிலர் எப்போது பேசினார், எப்போது பேசவில்லை என்று குறித்து வாருங்கள். வந்து தாமானில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

இரண்டு, மதிப்பீட்டு வரியை உயர்த்த அறிவிப்பு வந்தால் முணுமுணுத்துவிட்டுக் கட்டாதீர்கள். 142ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அறிவிப்பில் உள்ள கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.

மூன்று, புகாரைத் தனித்தனியாகச் செய்யாதீர்கள். தேதியுடன் படம் எடுத்து, எண்களை ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்புங்கள். மலாய்க்காரரும் சீனரும் அதே கொசுக்கடியில்தான் தூங்குகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, அடுத்த பொதுத் தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "15ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா?" யார் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். ஆட்சியில் இல்லாதபோது தேர்தல் வேண்டும் என்று முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் மௌனமானதைப் பார்த்துவிட்டோம். பதிலை எழுதி வாங்குங்கள்.

வரி கட்டிய ரசீதை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்தப் பணத்தை எங்கே செலவிட்டீர்கள் என்று கேட்கும் உரிமையும் நம் கையில் இருக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம்.