இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டைப் பலமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது பழமொழி. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பதும் பழமொழிதான். முதலாவது கூட்டுச் சேரச் சொல்கிறது, இரண்டாவது எச்சரிக்கிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பொறுத்தவரை இரண்டுமே உண்மை.

மருந்துக்குப் பணியாத கிருமிகள் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் மரணத்திற்கு நேரடிக் காரணமாக இருந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரு மருந்து பலிக்காதபோது இன்னொன்றைச் சேர்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மருந்துகளின் கணக்கில் ஒன்றும் ஒன்றும் எப்போதும் இரண்டாவதில்லை.

காசநோய் தந்த பாடம்

காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனில் 1947-இல் தொடங்கிய ஆய்வில், 55 நோயாளிகளுக்கு அந்த மருந்தும் படுக்கை ஓய்வும் கொடுத்தார்கள். மற்ற 52 பேருக்கு ஓய்வு மட்டுமே. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். மாபெரும் வெற்றி என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் உயிரோடு இல்லை. பெறாத 52 பேரில் 35 பேர் இறந்திருந்தனர். பெரிய வித்தியாசம் இல்லை! தனியாகக் கொடுத்த மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கப் பழகிவிட்டதே முக்கியக் காரணம்.

பின்னர் 'பாஸ்' என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. 1952-இல் ஐசோநயசிட் வந்து சேர்ந்தது. இரண்டு, மூன்று மருந்துகளை ஒருசேரக் கொடுப்பதே முறை என்று உறுதியானது.

இதன் கணக்கு எளிது. ஐசோநயசிட்டுக்கு இயல்பாகவே பணியாத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்குப் பணியாதது ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. பழுதுபட்ட நுரையீரலில் பல கோடிக் கிருமிகள் இருப்பதால், ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் தப்பிப் பிழைக்கச் சில நிச்சயம் இருக்கும், அவையே பெருகும். இரண்டுக்கும் பணியாத கிருமியோ கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் தொகையில் ஒன்றுதான். ஒன்றிடம் தப்பியதை மற்றது பிடித்துவிடுகிறது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வில் ஐசோநயசிட்டும் பாஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்தனர். பின்னாளில் சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளும் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்க உதவின. இன்றும் சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள் என்பதே வழக்கமான முறை.

கை கொடுக்கும் மருந்துகள்

வேறு சில மருந்துகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு உதவுகின்றன. இதய வால்வைத் தாக்கும் என்டெரோகாக்கஸ் என்னும் கிருமிக்குள் ஸ்ட்ரெப்டோமைசினால் எளிதில் நுழைய முடியாது. பென்சிலின் அதன் சுவரைப் பலவீனப்படுத்தினால், மற்றது உள்ளே புகுந்து வேலையை முடிக்கிறது.

கிளினிக்குகளில் பலருக்கும் கொடுக்கப்படும் ஆக்மென்டின் இன்னொரு வகை. அதிலுள்ள அமாக்சிசிலினைச் சில கிருமிகள் ஒரு நொதியால் உடைத்துவிடும். உடன் இருக்கும் கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. ஒன்று போர்வீரன், மற்றது கேடயம்.

காலை வாரும் மருந்துகள்

நேயர்களே, இனி மறுபக்கம். 1951-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. நிமோகாக்கஸ் கிருமியால் மூளை உறையில் அழற்சி கண்டவர்களில், பென்சிலின் மட்டும் பெற்றோரில் 100-க்கு 30 பேர் இறந்தனர். பென்சிலினோடு ஆரியோமைசினும் பெற்றோரில் 100-க்கு 79 பேர் இறந்தனர்!

காரணம் என்ன? வளரும் கிருமி புதிதாகச் சுவர் எழுப்பும்போதுதான் பென்சிலின் அதைக் கொல்லும். ஆரியோமைசினோ கிருமியின் வளர்ச்சியையே நிறுத்திவைக்கும். வளராத கிருமி சுவர் எழுப்பாது. பென்சிலினுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டும் நல்ல மருந்துகள்தாம். ஆனால் ஒரே உறையில் இரண்டு கத்திகள்.

சேர்த்தும் பயன் தராதவையும் உண்டு. கடும் எதிர்ப்புள்ள கிருமிகளுக்குக் கொலிஸ்டின் என்னும் மருந்தோடு மெரோபெனமும் சேர்த்தால் நல்லது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி நாடுகளில் 406 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. கொலிஸ்டின் மட்டும் பெற்றோரில் 100-க்கு 79 பேருக்கும், இரண்டும் பெற்றோரில் 73 பேருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை. இவ்வளவு சிறிய வேறுபாட்டை வைத்துச் சேர்ப்பதால் பயன் உண்டென்று சொல்ல முடியாது. கண்ணாடிக் குழாயில் நடப்பதெல்லாம் மனித உடலில் நடப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

மருந்துகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் கிருமியைச் சோதித்தறிந்த மருத்துவரின் வேலை. அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையைப் புதிய மருந்தோடு சேர்த்து விழுங்குவது, பக்கத்து வீட்டார் கொடுத்ததைச் சாப்பிடுவது, இரண்டு கிளினிக்குகளுக்குப் போய் ஒன்றில் வாங்கியதை மற்றதில் சொல்லாமல் இருப்பது எல்லாம் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காசநோயாளிகள் ஒரு மாத்திரை வயிற்றைக் குமட்டுகிறது என்று அதை மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால், எஞ்சிய மருந்து தனித்து நிற்கும். 1947-இன் கதை அந்த ஒருவரின் நுரையீரலில் மீண்டும் நடக்கும். பணியாத கிருமி அவரோடு நிற்காமல் வீட்டாருக்கும் பரவும். தாதியர் முன்னிலையில் மாத்திரை சாப்பிடச் சொல்வது நோயாளியை நம்பாததால் அல்ல. அந்தக் கூட்டணி ஒருநாளும் உடையக் கூடாது என்பதற்காகத்தான்.

குமட்டல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று வழி அவர் காட்டுவார். மாத்திரையை மட்டும் நீங்களாகப் பிரித்துவிடாதீர்கள்.