குழந்தைக்கு வார்மர் இருக்கு, தாய்க்குக் கட்டில் எங்கே?

(புதுச்சேரி கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு வேற விஷயம். முத்தியால்பேட்டை உறுப்பினர் ஒருத்தரின் மகளுக்கு எட்டாம் மாசமே பிரசவம். குழந்தை ஒன்றரை கிலோ. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வார்மரில் வைத்தார்கள். தாய் வேறு மாடியில். பால் கொடுக்கக் கூப்பிட்டால் தையல் வலியோடு படி இறங்கணும். மற்ற நேரம் வராந்தாவில் பாய். நாங்கள் போனபோது, "அக்கா, என் பிள்ளையை எப்பத்தான் தூக்கலாம்?" என்று கேட்டாள்.

டாக்டர், நர்ஸ் மேல் குறை சொல்லலை. கட்டடம் திட்டம் போட்டப்பவே தாயைக் கணக்கில் சேர்க்கலை, அதுதான் குறை. பிரசவ அறைக்குப் பக்கத்தில் இடம், நுழைவிலே கை கழுவும் வசதி, 24 மணி நேர மின்சாரம் இதெல்லாம் யோசிக்கிறாங்க. தாய் எங்கே படுப்பாள்?

உலக சுகாதார நிறுவனம் இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் 3,211 எடை குறைந்த குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில். பிறந்த உடனே நெஞ்சோடு அணைக்கும் கங்காரு முறை. தாய்க்கான பரிசோதனையும் அங்கேயே. பழைய முறையில் 100-க்கு சுமார் 16 குழந்தைகள் இறந்தன, இதில் 12. வித்தியாசம் தெரிஞ்சதும் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திட்டாங்க. 2021-ல் முடிவு வெளியானது. 2022-ல் அந்த நிறுவனமே இதைப் பரிந்துரைத்தது.

'தாய் உள்ளே வந்தா கிருமி வருமே' என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஆனா தாயோடு இருந்த குழந்தைகளுக்குத்தான் கிருமித் தொற்று குறைவாக இருந்தது. கை சுத்தம் மட்டும் கட்டாயம்.

தாய்க்கு முடியலைன்னா பாட்டியோ அப்பாவோ அணைக்கலாம். (மாமியாருங்க சிரிக்காதீங்க, உங்களையும்தான் சொல்றோம்!)

புது வார்டு கட்டுறாங்க, மாத்தி அமைக்கிறாங்கன்னு கேள்விப்பட்டா உடனே நம்ம கூட்டமைப்புக்குச் சொல்லுங்க. சுவர் எழும்பிட்டா அப்புறம் கேட்டுப் பயனில்லை. தாய்க்குக் கட்டில், பக்கத்திலேயே கழிப்பறை, வேளைக்குச் சாப்பாடு, இந்த மூணையும் மனுவில் எழுதுவோம்.

வைத்திக்குப்பம் குழுவில் பேரனை இப்படி நெஞ்சில் வைத்தே தேத்திய பாட்டி ஒருத்தர் இருக்காங்க. அடுத்த மாசம் அவங்க பேசுறாங்க.