அரபு நாடுகளில் மக்கள் எழுச்சி: காரணங்களும் உலகச் சூழலும்



பிற நாட்டு வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். ஒடுக்கப்பட்ட மக்கள் எழும்போது உலக வல்லரசுகள் அவர்களை எவ்வாறு நோக்குகின்றன என்பதை அறிய வேண்டுமாயின், அரபு நாடுகளின் அண்மைக்கால வரலாற்றைக் கற்றல் வேண்டும்.

வட ஆப்பிரிக்காவிலுள்ள துனீசியா நாட்டில், சிதி பூசித் என்னும் ஊரில், தள்ளுவண்டியில் பழம் விற்றுப் பிழைத்தவர் முகம்மது பூஅசீசி, வயது 26. 2010 டிசம்பர் 17 அன்று நகராட்சியினர் அவருடைய தராசைப் பறித்தனர். முறையிடச் சென்ற இடத்தில் அவர் சொல்லைக் கேட்பார் இல்லை. மனமுடைந்து தம் உடலுக்குத் தீயிட்டுக்கொண்ட அவர், 2011 சனவரி 4 அன்று மாண்டார். அவர் சென்ற வழி எவருக்கும் வழியாகாது. ஆனால் அவர் பட்ட அவமதிப்பை நாடே தன் அவமதிப்பாகக் கருதியது. பத்தே நாட்களில், 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி நாட்டை விட்டு ஓடினார். பிப்ரவரி 11 அன்று, எகிப்தை ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆண்ட முபாரக்கும் பதவி இழந்தார்.

ஒருவரது சாவு மட்டுமா இதற்குக் காரணம்? அன்று. படித்த இளைஞர்க்கு வேலையில்லை; ஆள்வோரின் குடும்பத்தாரிடம் செல்வம் குவிந்தது; தேர்தல் வெறும் சடங்காயிற்று. எகிப்தில் 1981 முதல் நெருக்கடிநிலைச் சட்டம் நீங்கவேயில்லை. துனீசியாவின் கப்சா சுரங்கப் பகுதியில், வேலை நியமனத்தில் முறைகேடு நடந்ததென்று 2008ஆம் ஆண்டிலேயே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசு அவர்களை ஒடுக்கியது. நெருப்பு அணையவில்லை, நீறு பூத்துக் கிடந்தது.

இத்தகைய ஆட்சிகள் இத்தனை ஆண்டுகள் நிலைத்தது எங்ஙனம்? வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தோர் இருந்தனர். இஸ்ரேலுடன் 1979இல் அமைதி உடன்படிக்கை செய்துகொண்ட எகிப்துக்கு, அமெரிக்கா பல்லாண்டுகளாக ஆண்டுதோறும் 130 கோடி டாலர் இராணுவ உதவி அளித்து வந்தது.

2011 மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். 14ஆம் நாள், பஹ்ரைன் மன்னரைக் காக்கச் சவூதி அரேபியப் படை அந்நாட்டினுள் நுழைந்தது. அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படைத் தளம் அமைந்துள்ள நாடு அது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, அமெரிக்கா கண்டித்துப் பேசியதோடு நின்றுவிட்டது. மூன்றே நாட்கள் கழித்து, லிபிய மக்களைக் காக்க வேண்டுமென்று ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் நிறைவேற்றியது. விமானங்கள் குண்டு பொழிந்தன. அக்டோபரில் கடாபி கொல்லப்பட்டார். பின்னர் அந்நாடு உள்நாட்டுப் போரில் சிதறுண்டது. உரிமைக் குரல் இரு நாட்டிலும் எழுந்தது. வல்லரசுகள் நிறுத்ததோ தத்தம் நலனை!

துனீசியாவில் மட்டும் எழுச்சி சில காலம் பயன் தந்தது. காரணம், ஆட்சிக்கு அப்பால் மக்களிடம் அமைப்புகள் இருந்தன. 1946இல் தோன்றிய தொழிலாளர் பேரமைப்பும், தொழில் முனைவோர் சங்கமும், மனித உரிமைக் கழகமும், வழக்கறிஞர் சங்கமும் கூடிப் பேசிப் பிளவைத் தவிர்த்தன. 2014இல் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. 2015இல் அந்நான்கு அமைப்புகளும் நோபல் அமைதிப் பரிசு பெற்றன. ஆயினும் வேலையின்மை தீரவில்லை. மக்கள் சலிப்புற்ற வேளையில், 2021 சூலையில் குடியரசுத் தலைவர் கையிஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கி, அதிகாரத்தைத் தம் கையில் குவித்துக்கொண்டார்.

இளைஞர்களே! கொடுங்கோலனை வீழ்த்த வீதியில் திரண்ட கூட்டம் போதுமானதாயிற்று. வீழ்த்திய பின் உரிமையைக் காக்க, கற்றறிந்து கட்டுக்கோப்புடன் இயங்கும் அமைப்பு வேண்டும். வயிற்றுப் பசியைத் தீர்க்கும் திட்டமும் வேண்டும். இவ்விரண்டையும் அயலார் எவரும் கொணர்ந்து தரமாட்டார் என்பதே அரபு மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.