என்-ஜூடா ட்ராமின் கடைசி நிறுத்தம்

சான் பிரான்சிஸ்கோ என்றதும் அந்தச் சிவப்புப் பாலம் உங்கள் கண்முன் வந்துவிடும். மேட்டில் ஏறி இறங்கும் கேபிள் கார், வளைகுடா நடுவே இருக்கும் பழைய சிறைத்தீவு, இவற்றையெல்லாம் சினிமாவிலேயே பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுவோம். சுற்றுலாப் பேருந்து எட்டிப் பார்க்காத ஓர் இடத்துக்கு உங்களை இன்று கூட்டிப்போகிறேன். ஊரின் மேற்கு ஓரம், பசிபிக் கடலை ஒட்டிய பகுதி. பெயர் அவுட்டர் சன்செட். அங்கே நான் வாடகைக்குக் குடியிருந்தேன். நான் வசித்த இடங்களிலேயே மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

ஊர் நடுவிலிருந்து என்-ஜூடா என்ற ட்ராமில் ஏறுங்கள். மலையைக் குடைந்த ஒரு சுரங்கத்தைத் தாண்டினால் ட்ராம் மேற்கே திரும்பிக் கடலைப் பார்த்தபடி நேராக ஓடத் தொடங்கும். இந்தத் தடம் 1928 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வீடுகள் மளமளவென்று வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருப் பெயர்களைக் கவனியுங்கள். கோல்டன் கேட் பூங்காவுக்குத் தெற்கே இர்விங், ஜூடா, கிர்க்கம், லாட்டன், மொராகா, நோரியேகா, ஒர்டேகா, பச்சேகோ என்று ஆங்கில அகரவரிசையில் போகும். குறுக்கே போகும் அவென்யூக்களுக்கு எண்கள்தான் பெயர். 48 வரை எண்ணிக்கொண்டே வந்தால் அடுத்தது லா பிளாயா தெரு. அங்கே ட்ராம் வளைந்து திரும்பிவிடும். இறங்கினால் முகத்தில் உப்புக்காற்று அடிக்கும்.

அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் மணல்மேடு. பழைய வரைபடங்களில் அதற்கு 'வெளி நிலங்கள்' என்று பொருள்படும் பெயர்தான் போட்டிருக்கும். காற்று அடித்தால் மேடு இடம் மாறும். 1930களில் ஹென்றி டோல்கர் என்ற கட்டடக்காரர் அங்கே வரிசை வரிசையாக வீடு கட்ட ஆரம்பித்தார். 25 அடி அகல மனை. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய சுவர். கீழே முழுக்க கராஜ், மேலே குடியிருப்பு. முன்பக்கம் வளைந்த ஜன்னல், கூரை விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஸ்பானிய ஓடு. நடுத்தரக் குடும்பம் மாதத் தவணையில் வாங்கக்கூடிய வீடுகள் அவை. இன்றைக்கு அவற்றின் விலையைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும்.

வாடகைக்காரர்களுக்கு இங்கே ஒரு விஷயம் முக்கியம். கராஜ் வீட்டின் முழு நீளத்துக்கும் ஓடுகிறதல்லவா? காருக்கு முன்பகுதி போதும். பின்பகுதியில் ஒரு அறை, சின்னச் சமையல் மேடை, குளியலறை என்று தடுத்துவிடுவார்கள். அதை 'இன்-லா' என்பார்கள். மாமியாரையோ வயதான பெற்றோரையோ வைத்துக்கொள்ளக் கட்டியது என்று பெயர். நாளடைவில் வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். சன்செட் முழுக்க இப்படி எத்தனையோ அறைகள், பல காலமாக அனுமதியே இல்லாமல். 2014-இல்தான் நகராட்சி அவற்றை முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தது. ஆசிரியர்கள், நர்சுகள், சமையல்காரர்கள், அலைச்சறுக்குப் பலகையோடு அலையும் இளைஞர்கள், என்னைப்போல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வந்தவர்கள், எல்லாரும் அந்தக் கராஜுக்குப் பின்னால் இருந்த அறைகளில்தான் வாழ்ந்தோம்.

எனக்குக் கிடைத்த அறையின் விளம்பரம் இணையத்தில் வரவில்லை. இர்விங் தெருவில் ஒரு சீன பேக்கரியின் கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. தெற்குச் சீனாவின் தாய்ஷான் பகுதியிலிருந்து வந்தவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவரை 'போ-போ' என்று கூப்பிடுவார்கள். பாட்டி என்று அர்த்தம். நானும் போ-போ என்றே கூப்பிட்டேன். அவருக்கு ஆங்கிலம் குறைவு, எனக்குக் கான்டனீஸ் கிடையாது. ஒப்பந்தத்தை அவர் மகள் வந்து படித்துக் காட்டினார். அட்வான்ஸ் வாங்கினார்கள், சாவி கொடுத்தார்கள், பின்வாசலில் இருந்த தோட்டக் குழாயைக் காட்டி, "நீ தண்ணீர் விடு" என்று போ-போ சைகை செய்தார். அன்று மாலையே அவருடைய வெங்காயத்தாளுக்கும் பாக்சோய் கீரைக்கும் நான்தான் தண்ணீர் விட்டேன்.

அட்வான்ஸ் என்றதும் உங்களில் பலர் காதைத் தீட்டிக்கொள்வீர்கள் என்று தெரியும். பத்து மாத வாடகையை மொத்தமாக எடுத்து வைத்த அனுபவம் உள்ளவர்கள் கேளுங்கள். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஓரிரு வீடுகளை மட்டும் வைத்திருக்கும் சிறிய உரிமையாளர்கள் இரண்டு மாதம் வரை கேட்கலாம். காலி செய்தபின் 21 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஏதாவது பிடித்துக்கொண்டால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரவேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் அந்தப் பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு! வாடகையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1979 ஜூன் மாதத்துக்கு முன் கட்டிய, ஒன்றுக்கு மேற்பட்ட குடித்தனம் உள்ள கட்டடங்களில் விலைவாசி உயர்வில் 60 சதவீதம்தான் ஏற்றலாம். 2025 மார்ச்சில் தொடங்கிய ஆண்டுக்கு அது 1.4 சதவீதம். மேலே வீட்டுக்காரர், கீழே நாம் என்றால் இரண்டு குடித்தனம் என்று கணக்கு. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் சாதாரண சம்பளக்காரர்கள் அந்தக் கடற்கரையில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. நான் இதை ஆழமாக நம்புகிறேன்.

சரி, அங்கே வாழ்வது எப்படி? முதலில் பனியைச் சொல்லவேண்டும். கலிபோர்னியா என்றால் வெயில் என்று நினைத்து ஜூலை மாதம் அரைக்கைச் சட்டையோடு போனால் நடுங்கிப்போவீர்கள். கோடையில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்ந்த நீர் கரையோரம் மேலே வருகிறது. அதன்மேல் தவழும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வெயில் கொளுத்தக் கொளுத்த, அந்தச் சூடு இந்தப் பனியை நிலத்துக்குள் இழுக்கும். நடுப்பகலில் தெருவிளக்கு எரியும். துணி காயாது, போ-போ கராஜுக்குள் கயிறு கட்டித்தான் உலர்த்துவார். சைக்கிள் சங்கிலி ஒரு பருவத்தில் துருப்பிடிக்கும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பூக்கும். வாடகைக்குப் போகிறவர்கள் முதல் மாதமே ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்றை வாங்கிவிடவேண்டும். வெயில் வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபர்.

கடலில் கால் நனைக்கலாம், குளிக்கலாம் என்று மட்டும் யாரும் எண்ணவேண்டாம். தண்ணீர் பெரும்பாலும் 12, 13 டிகிரிதான். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பொல்லாதது. தேர்ந்த நீச்சல்காரர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

லா பிளாயாவிலிருந்து மணலுக்கு இறங்கலாம் என்றுதான் புறப்பட்டேன். ஆனால் அந்த இடத்தில் நின்றால் எனக்கு ஒரு பழைய கதை சொல்லாமல் இருக்க முடியாது. கொஞ்சம் நில்லுங்கள், நேயர்களே. வாடகை வீட்டுக் கதைதான் இதுவும்.

1895-ஆம் ஆண்டு. ஊரில் குதிரை இழுக்கும் ட்ராம்கள் போய் மின்சார ட்ராம்கள் வந்துகொண்டிருந்தன. பழைய பெட்டிகளை என்ன செய்வது? ட்ராம் கம்பெனி விற்பனைக்கு விட்டது. இருக்கைகளோடு வேண்டுமானால் 20 டாலர், இருக்கை வேண்டாமென்றால் 10. இந்தக் கடலோர மணலில் அடால்ஃப் சூட்ரோ என்பவருக்குப் பெரிய நிலம் இருந்தது. நெவாடா வெள்ளிச் சுரங்கப் பகுதியில் சம்பாதித்தவர், அந்த ஆண்டுதான் நகர மேயரானார். அவருடைய நிலத்தில் ஒரு பெட்டியில் டெய்லி என்பவர் குடியேறி, வண்டியோட்டி வருகிறவர்களுக்குக் காபிக் கடை போட்டார். பின்னாலேயே பெண்கள் சைக்கிள் சங்கம் ஒன்று ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்தது. நினைத்துப் பாருங்கள், 1890களில் சைக்கிள் ஓட்டிப் பூங்காவைக் கடந்து கடற்கரைக்கு வந்து, தங்களுக்கென்று ஒரு ட்ராம் பெட்டியில் திரைச்சீலை தொங்கவிட்டு விருந்து வைத்த பெண்கள்! அவர்களை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். அடுத்து இசைக்கலைஞர்கள் வந்தார்கள். குடும்பங்கள் வந்தன.

கொஞ்ச காலத்தில் அது ஓர் ஊராகவே ஆகிவிட்டது. கார்வில் என்று பெயர். ஒரு பெட்டி படுக்கையறை, ஒரு பெட்டி சமையலறை, இரண்டுக்கும் நடுவே கூரை போட்டால் கூடம். சிலர் பெட்டிமேல் பெட்டி ஏற்றி மாடி கட்டினார்கள். பெட்டிகளாலேயே ஒரு தேவாலயமும் இருந்தது. நீளமான ஜன்னல் வரிசையில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல். 1906 நிலநடுக்கத்தில் ஊர் தரைமட்டமாகித் தீயில் வெந்தபோது, வீடிழந்தவர்கள் பலரும் அந்த மணலுக்கு வந்து சேர்ந்தார்கள். குறைந்த வாடகை, திறந்த வெளி, அசையாத ஒரு பெட்டி; அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு நிலத்தின் விலை ஏறியது. ட்ராம் பெட்டி வீடுகள் இருக்கும் இடத்தில் நல்ல வீடு வாங்க யாரும் வரமாட்டார்கள் என்று மனை வளர்ச்சிக்காரர்களுக்குக் கவலை. கார்வில் என்ற பெயரையே அழித்து ஓஷன்சைடு என்று மாற்றினார்கள். 1913-இல் பழைய பெட்டிகளைத் திருவிழாபோலக் கொளுத்தவும் செய்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இது. வுடி லபவுன்டி என்ற உள்ளூர் வரலாற்றாளர் 2009-இல் கார்வில் பற்றி அருமையான படப் புத்தகம் ஒன்று எழுதியிருக்கிறார். கிடைத்தால் அந்தப் புகைப்படங்களைப் பாருங்கள். மணலில் புதைந்த சக்கரமில்லாத பெட்டியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த முகங்களில் ஏழ்மையும் உண்டு, பெருமையும் உண்டு.

எல்லாம் போய்விட்டதா என்றால், இல்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வீடு இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பலகை வீடு. உள்ளே மாடியில் பழைய ட்ராம் பெட்டிகள் அப்படியே சுவராக நிற்கின்றன. யாரோ குடியிருக்கிற வீடு என்பதால் நான் கதவைத் தட்டியதில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறி, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவேன். கீழே கராஜுக்குப் பின்னால் ஓர் அறையில் நான் வசித்ததும், அவர்கள் ட்ராம் பெட்டியில் வசித்ததும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்று எனக்குத் தோன்றும். வண்டிக்காகச் செய்த இடத்தில் மனிதர்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

அடுப்பு என்றதும் சாப்பாடு நினைவு வருகிறது. 1960களுக்குப் பிறகு சன்செட்டில் சீனக் குடும்பங்கள் நிறைய வந்தன. அதற்கு முன் ஐரிஷ்காரர்கள் அதிகம். அதனால் நோரியேகா தெருவில் ஒரு பக்கம் டிம்சம் கடை, அடுத்து மீன் தொட்டியோடு காய்கறிக் கடை, கொஞ்சம் தள்ளி பழைய ஐரிஷ் மதுக்கடை. டிம்சம் கடைகளில் உட்கார இடம் இருக்காது. அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு, மேற்கே நடந்து, மணலில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். வைகாசி, ஆனி வாக்கில் அவர்களுக்கு டிராகன் படகு விழா. அப்போது போ-போ ஒட்டரிசியையும் பச்சைப்பயறையும் உப்பிட்ட முட்டைக் கருவையும் மூங்கில் இலையில் பொதிந்து மணிக்கணக்கில் வேகவைப்பார். வீடு முழுக்க இலை வாசனை. எனக்கென்று பன்றிக்கறி இல்லாமல் தனியாகச் செய்து, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார். நான் பதிலுக்கு எலுமிச்சைச் சாதம் கொடுப்பேன். அவருக்கு அதில் நிலக்கடலை அதிகம் வேண்டும்.

இனி அந்தக் கடற்கரைச் சாலை. கிரேட் ஹைவே என்று பெயர். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஓடிய நாலு வழிச் சாலை. காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும்போதெல்லாம் மூடிவிட்டு வாரி அள்ளவேண்டியிருந்தது. 2020 ஊரடங்கில் கார்களை நிறுத்தி மக்களை நடக்கவிட்டார்கள். பிறகு அதை நிரந்தரப் பூங்காவாக ஆக்கலாமா என்று 2024 நவம்பரில் வாக்கெடுப்பு வந்தது. அப்பா, எங்கள் தெரு இரண்டுபட்டது! எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில், மாடி ஜன்னலில் 'வேண்டாம்' என்ற அட்டை, அதே வீட்டுக் கராஜ் கதவில் 'வேண்டும்' என்ற அட்டை. மேலே இருப்பவர்களின் மகன் தெற்கே காரோட்டி வேலைக்குப் போகிறவர். கீழே குடியிருந்தவர் காலையில் பலகையோடு அலைக்குப் போகிறவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர் முழுக்க எண்ணியபோது 'வேண்டும்' ஜெயித்தது. சன்செட் மக்களில் பெரும்பான்மை 'வேண்டாம்' என்றுதான் போட்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் அது சன்செட் டியூன்ஸ் என்ற பூங்காவாகத் திறந்தது. கோபம் தணியாமல் செப்டம்பரில் அந்தப் பகுதியின் நகரசபை உறுப்பினரையே வாக்களித்துப் பதவியிறக்கிவிட்டார்கள்.

நான் பூங்கா பக்கம். கார் ஓடிய தார்ச்சாலையில் இப்போது குழந்தைகள் சறுக்குச் சக்கரம் கட்டிப் பழகுகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கடலுக்குப் பக்கத்திலேயே மூன்று கிலோமீட்டர் தடையில்லாமல் போகலாம். ஆனால் போ-போ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. முன்னெல்லாம் மகள் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள், இப்போது சுற்றிக்கொண்டு வருகிறாள் என்பார். அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே மேஜையில் எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பார்கள். சாலையைப் பற்றி மட்டும் அங்கே பேசமாட்டோம்.