விரல் யாருடைய விரல்?

(தலைப்பு: கையோடு ஒட்டிக்கொண்ட கருவி மனிதனுக்கு உறுப்பா? எஜமானா? ‘எஜமானே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தம்பி சொன்னார், “கருவி நம்ம உடம்போட சேர்ந்தா என்ன தப்பு? மூக்குக் கண்ணாடி சேரலையா?” நியாயமான கேள்வி. நான் இன்னும் ஒரு படி மேலே போய் உங்களுக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். 1958-ல் சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதற்குப் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்தார், 86 வயது வரைக்கும்! அந்தக் கருவி உறுப்புதான். ஒப்புக்கொள்கிறேன். ஏன்? அது அவரைத் துடிக்க வைத்தது, “நீ யார்?” என்று கேட்கவில்லை. (கைதட்டல்)

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கீழே பள்ளத்தாக்கு பச்சைக் கம்பளம் மாதிரி விரியும். பஸ்ஸில் பாதிப்பேர் குனிந்த தலை நிமிரவில்லை. அந்தக் காலத்துக் கல்யாணப் பொண்ணுகூட அவ்வளவு நேரம் குனிஞ்சிருக்காது! (சிரிப்பு) சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாதியில் அடியேனும் ஒருவன்.

மேலே இறங்கினால் என் செல்போனில் சார்ஜ் இல்லை. டீக்கடையில் ஏலத்தோட்ட வேலை முடித்து ஜீப்புக்காக நின்ற ஒரு அம்மா, “இந்தாங்க சார், என் போன்ல பேசுங்க” என்று கொடுத்தார். வாங்கிவிட்டேன். வீட்டம்மா நம்பர் என்ன? தெரியவில்லை! சங்கப் பாட்டு நூற்றுக்கணக்கில் மனப்பாடம். சம்சாரத்தின் நம்பர் பத்து இலக்கம் வரவில்லை. ஞாபகத்துக்கு வந்தது முப்பது வருஷத்துக்கு முந்தைய லேண்ட்லைன் நம்பர். அந்த இணைப்பே இப்போது இல்லை! (சிரிப்பு)

அந்த அம்மா சிரிக்கவில்லை, நடுவர் அவர்களே. “உங்க நம்பர் உங்ககிட்ட இல்ல. எனக்கு என் ரேகையே என்கிட்ட இல்ல சார்” என்றார். நாற்பது வருஷம் ஏலக்காய் எடுத்த விரல். ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் வாங்கப் போன இடத்தில் மிஷினில் விரலை வைத்தால் பொருந்தவில்லை. துடைத்து வைத்தார், ஈரம் பண்ணி வைத்தார், பத்து விரலையும் வைத்தார். மிஷின் ஏற்கவில்லை. எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். அங்கே நின்றவர் இந்த அம்மாவை இருபது வருஷமாகத் தெரிந்தவர். “அக்கா, நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஆனா மிஷின் ஒத்துக்கலையே, நாளைக்கு வாங்க” என்றாராம். நாளைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு!

விரல் பொருந்தாவிட்டால் வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஆதார் ஆணையமே சொல்லியிருக்கும் நெறி. நெறி இருக்கிறது. ஆனால் மனிதன் மிஷினைப் பார்த்துப் பழகியவன், மனிதியைப் பார்க்க மறந்துவிட்டான். அப்போ எஜமான் யாருங்க? (கைதட்டல்)

“அப்போ கருவியே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் நான் நன்றி கெட்டவன். அதே அம்மா சொன்னார்: “முன்னாடி மலைக்குப் போனா, பொழுது சாஞ்சு வர்ற வரைக்கும் பிள்ளைக என்ன ஆனாளோன்னு வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கும். இப்ப ஜீப் லேட்டுன்னா ஒரு வார்த்தை சொல்லிடுறேன்.” அந்த ஒரு வார்த்தைக்காகவே செல்போனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கும் போடியே பாடம் சொல்கிறது. ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர் அது! முன்பு வாய்விட்டுக் கூவிய ஏலம் 2007-ல் கம்ப்யூட்டருக்கு மாறியது. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. இவ்வளவு பெரிய வியாபாரத்திலும், வியாபாரி பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் மாதிரிக் காயைக் கையில் அள்ளுவார், நிறம் பார்ப்பார், உடைத்து மோந்து பார்ப்பார். தீர்மானம் மூக்கில், கணக்கு மிஷினில். அங்கே கருவி உறுப்பு.

ஏலக்காயை மோந்து பார்த்து நம்புகிற நாம், அதை எடுத்த விரலை நம்ப மறுக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்? (பலத்த கைதட்டல்)

இன்றைய நிலையில் கருவி எஜமானாகத்தான் இருக்கிறது. அதைக் கீழே இறக்க ஒரு மனிதன், “மிஷின் சொல்லாட்டி என்ன, நான் சொல்றேன், இது எங்க அக்கா” என்று சொன்னால் போதும்.

நடுவர் அவர்களே, அந்த அக்காவின் விரலை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதையும் செல்போனைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்!